முகத்தோடு வாங்கிய பேச்சு

அவரோடு பேசுகிறபோது அவர் நம் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். பழக்கமில்லாதவர்கள் பல்லில் கீரை ஒட்டியிருக்கிறதோ என்று நாக்கால் துழாவிக்கொள்வார்கள். நானே முதல் தடவை பேசிவிட்டுக் கண்ணாடி தேடி ஓடியவன். கீரை இல்லை. என் தாடை போகிற போக்கை அவர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

பெயரைச் சொல்ல மாட்டேன். கோம்பைக்காரர் என்பது போதும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யாரோடு பேசினாலும் கால்மணி நேரத்தில் அவர்கள் பேச்சு இவர் வாயில் ஏறிவிடும். குமுளிக்காரரோடு பேசினால் மலையாளம் இழுக்கும். கம்பத்தில் வீட்டுக்குள் கன்னடம் பேசுகிறவர்களிடம் போனால் அந்த வீட்டுத் தலையாட்டல் வந்துவிடும். வேண்டுமென்று செய்வதில்லை. சிலருக்குப் பக்கத்தில் இருப்பவன் கொட்டாவி விட்டால் கொட்டாவி வருகிறதே, அதுபோல.

இதனால் அடியும் வாங்கியிருக்கிறார். சின்னமனூர்ச் சந்தையில் ஒரு வெற்றிலைக்காரர் மூக்கால் பேசுகிறவர். இவர் விலை கேட்டார்; மூக்கால் கேட்டார். வெற்றிலைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து ஓர் அறை விட்டார். இவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். அதையும் மூக்காலேயே கேட்டார். இரண்டாவது அறை சந்தைக்கே கேட்டது.

“என்ன செய்யச் சொல்றீக ரைட்டரண்ணே?” என்பார் கன்னத்தைத் தடவிக்கொண்டு. “வார்த்தைய மட்டும் வாங்குனா அது செல்லாது. மொகத்தோட வாங்கணும்.”

அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். எனக்கு எழுத்துத் தெரியும் என்பதால் நான் அண்ணன். நான் அவரை ‘வாய்யா, போய்யா’ என்றுதான் கூப்பிடுவேன். இதில் ஒரு தப்பும் இருப்பதாக எங்கள் இருவருக்குமே தோன்றியதில்லை. இப்போது தோன்றுகிறது, எனக்கு மட்டும்.

இரண்டாம் உலகச் சண்டையில் நாங்கள் சேர்ந்து வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்தோம். நான் துப்பாக்கி பிடித்துக் கிழித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். மலைமேல் கிடக்கிற சிப்பாய்களுக்குக் குண்டும் ரொட்டியும் சுமக்கிற கோவேறு கழுதைப் படையில் நான் ரைட்டர். எந்தக் கழுதைக்கு லாடம் தேய்ந்தது, எந்தக் கழுதைக்கு வயிற்றுப்போக்கு என்று பதிவேட்டில் எழுதுவது என் வீரச்செயல். அவர் கழுதைக்காரர். கோம்பையிலிருந்து ஏல மலைக்குப் பொதிக்கழுதை ஓட்டியவர் என்பதால் பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

இத்தாலிக்குப் போகிற கப்பலில் எனக்கு ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. இத்தாலிப் பேச்சு, உச்சரிப்போடு. நாம் பஸ்ஸையும் காரையும் ‘பஸ்ஸு’, ‘காரு’ என்று வால் ஒட்டிப் பேசுகிறோம் அல்லவா, அந்தப் பாஷையில் முக்கால்வாசி வார்த்தைக்குப் பிறவியிலேயே வால் உண்டு. ரொட்டிக்கு ‘பானே’. நான் சவரக் கண்ணாடியை மாட்டிவைத்துக்கொண்டு, புத்தகம் சொன்ன இடத்தில் அழுத்தி, சொன்ன இடத்தில் நீட்டி, ‘பா…னே’ என்று முடிக்கும்போது புருவத்தையும் ஏற்றிக்கொள்வேன். கப்பல் இறங்குவதற்குள் ஐம்பது பக்கம் மனப்பாடம். அவர் அத்தனை நாளும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். பாவம், பின்தங்கிவிட்டாரே என்று எனக்கு அப்போது வருத்தம்கூட.

முதல் பனிக்காலத்தில் ஒரு மலைக்கிராமத்தில் மாட்டிக்கொண்டோம். கீழே ஆறு பெருகிப் பாலத்தைக் கொண்டுபோய்விட்டது. கழுதைகளுக்குக் கொட்டில் வேண்டும். ஓர் ஓரத்து வீட்டில் தனியாக இருந்த கிழவியிடம் பேச என்னை அனுப்பினார்கள். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, புத்தகத்தின் பதினெட்டாம் பக்கத்தை ஒரு பிழையில்லாமல் சொன்னேன். கிழவி வாசற்படியில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. அந்த மலைக்கு அப்படிச் சுத்தமான பேச்சோடு வருகிறவர்கள் எல்லாம் சர்க்கார் ஆட்கள். ஒன்று ஆட்டைக் கொண்டுபோவார்கள், இல்லாவிட்டால் பிள்ளையைக் கொண்டுபோவார்கள். பிள்ளையை ஏற்கெனவே கொண்டுபோயாகிவிட்டது. ஆட்டுக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

இவர் கழுதையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, அழுகிறவளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டே வார்த்தை சொன்னார். அம்மா, ரொட்டி. புத்தகத்தில் உள்ள வார்த்தைகள்தான். ஆனால் வாலை நறுக்கி, தாடையைக் கீழே தொங்கவிட்டு, ‘பான்’ என்று பாதியை விழுங்கிச் சொன்னார். எனக்குக் கூசியது. கிழவி அழுகையை நிறுத்தினாள். எழுந்து வந்து இவர் மோவாயைப் பிடித்து, ‘அப்படி இல்லையடா, இப்படி’ என்பதுபோல ஆட்டி, தானும் ஒரு தரம் சொன்னாள். இவர் திருப்பிச் சொன்னார். கிழவி சிரித்தாள். பதினோரு கழுதைக்குக் கொட்டில் கிடைத்தது.

“என்னய்யா அது, கொச்சையா?” என்றேன்.

“தெரியலண்ணே. அந்த ஆத்தா வாயில அதுதான் இருந்துச்சு.”

அந்த வீட்டில் பத்து வாரம் இருந்தோம். ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு பேச்சு, அந்தக் கரையில் வேறு பேச்சு. ஒரு மேடு ஏறி இறங்கினால் ரொட்டிக்கே வேறு ராகம். புத்தகம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. நான் ஒவ்வோர் ஊரிலும் வானொலியில் செய்தி வாசிக்கிறவனைப்போலப் பேசி, முட்டை கேட்டால் சலாம் வாங்கித் திரும்பினேன். இவர் முட்டையோடு வருவார். சில நாள் கோழியோடு.

கிழவியின் ஒரே மகன் ஆப்பிரிக்கச் சண்டையில் எங்கள் பக்கத்தாரிடம் பிடிபட்டவன். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவள் ஒரு கார்டை எடுத்துக் காட்டினாள். நான்தான் படித்தேன். பெங்களூர் பக்கத்துக் கைதி முகாம்! நாங்கள் அவள் வீட்டில், அவள் மகன் நம் ஊர்ப்பக்கம். இவர் துள்ளிக் குதித்துவிட்டார். கோம்பைக்குக் கொல்லைப்புறம்தான் பெங்களூர் என்கிற மாதிரிக் கையைக் காட்டிக் கிழவியிடம் சொன்னார்: “பக்கந்தான் ஆத்தா. ஏதாச்சும் ஒண்ணுன்னா ஒரு தாள் போடு. நான் போயிப் பாத்துக்கிறேன்.” பாதி தமிழ், பாதி அவள் பேச்சு. அவளுக்கு எல்லாம் விளங்கியது. கோம்பை விலாசத்தை நான்தான் எழுதிக்கொடுத்தேன், முத்து முத்தான கையெழுத்தில்.

சண்டை முடிந்து ஊர் திரும்பினோம். அவர் பழையபடி ஏல மலைக்குப் பொதி ஓட்டினார். எனக்குத் தேனியில் ஒரு பஞ்சுப்பேட்டையில் வேலை. பேட்டைக்கு எதிர்த்தாற்போல ஒரு காப்பிக் கடை. அங்கே நான் பெரிய ஆள். “ரைட்டரே, கொஞ்சம் இத்தாலி எடுத்து விடுங்க” என்பார்கள். நான் பதினெட்டாம் பக்கத்தை எடுத்து விடுவேன். கழுதைக்குக் கொட்டில் கேட்கிற வசனம் என்று அங்கே யாருக்குத் தெரியும்? ‘தேன் ஒழுகுதய்யா’ என்பார்கள்.

பங்குனியில் ஒரு நாள் அவர் அந்தக் கடைக்கு வந்தார். கோம்பைத் தபால்காரர் கொடுத்த உறை கையில், பிரிக்காமல்.

“ஆத்தா தாள் போட்டிருக்கு ரைட்டரண்ணே. வாசிங்க.”

கடையில் ஏழெட்டுப் பேர். எல்லோரும் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கினார்கள். பிரித்தேன். கிழவிக்கு எழுதத் தெரியாது. யாரோ இரண்டு வகுப்புப் படித்த பக்கத்து வீட்டுப் பெண் கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறாள். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் இடைவெளி கிடையாது. ஒரு வரி முழுக்க ஒரே கொத்தாகக் கிடந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு செய்தி வாசிக்கிற குரலில் ஆரம்பித்தேன்.

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வரி ஆனதும் தலையை ஆட்டினார்.

“அப்படி இல்லண்ணே. அந்த ஆத்தா இப்படிப் பேசாது. நீங்க கலெக்டர் மாதிரி வாசிக்கிறீக. எழுத்து எழுத்தா மெதுவாச் சொல்லுங்க, நான் என் வாயில போட்டுப் பாக்குறேன். ரெண்டு பேருமாச் சேந்தா வந்துரும்.”

அதுதான் சரியான வழி. எனக்கு எழுத்துத் தெரியும், அவருக்குச் சத்தம் தெரியும். ஒரு காப்பி ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

ஓரத்தில் இருந்த தரகர் ஒருவர் சிரித்தார். “என்ன ரைட்டரு, கழுதைக்காரர் ஒமக்கே பாடம் நடத்துறாக போல? அப்ப இத்தனை நாளா எங்களுக்குச் சொன்னது இத்தாலிதானா, இல்ல கழுதப் பாசையா?”

கடையே சிரித்தது. நான் கடிதத்தை மடித்தேன். மகன் பெயர் இரண்டு இடத்தில் கண்ணில் பட்டிருந்தது. ‘வீடு’ என்கிற வார்த்தை ஓரிடத்தில். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

“எல்லாரும் சுகம். மகன் வீடு வந்து சேந்துட்டானாம்” என்றேன்.

அவர் என் வாயையே பார்த்தார். ஒரு விநாடி. பிறகு அவர் முகம் அப்படியே மலர்ந்தது. வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாராம். அந்தப் பையன் பெத்தவளிடம் போய்ச் சேர்ந்தால் அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று. கடையில் எல்லாருக்கும் கையைப் பிடித்துப் பிடித்துச் சொன்னார். ‘நம்ம மாரி கடல் தாண்டிப் பேசிட்டாய்யா’ என்றார் காப்பிக் கடைக்காரர். தரகர்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஆத்தாவுக்குப் பதில் எழுதிருங்கண்ணே. எனக்கு ரொம்பச் சந்தோசம், சட்டி எடுக்கப் போறேன்னு எழுதுங்க” என்று கடிதத்தை என்னிடமே விட்டுப் போனார்.

எழுதினேன். அன்றைக்கே, புத்தகத்து இத்தாலியில். ‘தங்கள் புதல்வர் நலமாக இல்லம் திரும்பிய செய்தி அறிந்து மட்டற்ற மகிழ்ச்சி.’ அதில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது. தபாலில் போட்டுவிட்டு, நாக்கில் ஒட்டியிருந்த தபால்தலைப் பசையைத் துப்பிவிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடி வந்தார். கையில் காப்புக் கட்டியிருந்தார். அடுத்த வாரத்துச் செவ்வாய்க்குச் சட்டி.

“நல்ல சேதி வாசிச்ச வாயி ஒங்க வாயி. சட்டியில மொதக் கட்டைய நீங்கதான் போடணும். இப்ப ஆத்தா என்ன சொல்லிக்கிட்டு இருக்கும் தெரியுமா?” என்று சொல்லிவிட்டு, தாடையைத் தொங்கவிட்டு, கண்ணைச் சுருக்கி, கிழவியாகவே ஆகிப்போய், ‘என் மகன், என் மகன்’ என்பதை அவள் சொல்கிறபடி ஒரே மூச்சில் ஒட்டிச் சொல்லிக் காட்டினார். எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சத்தத்தை நான் எழுத்தில் பார்த்திருக்கிறேன். கடிதத்தில் அது நாலைந்து இடத்தில் கிடந்தது.

அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு சவரக் கண்ணாடி முன்னால் நின்றேன். கடிதத்தை விரித்து, அவர் தாடையை என் முகத்தில் மாட்டிக்கொண்டு, வாலை எல்லாம் நறுக்கி வாய்விட்டு வாசித்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, “பல்வலியா? கிராம்புத் தைலம் தரட்டா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மூன்றாவது தடவை கொத்துக் கொத்தாகக் கிடந்தது எல்லாம் பிரிந்து கொடுத்தது. கிழவி பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது.

‘உங்கள் ஊர் முகாம் ஆஸ்பத்திரியில் என் மகன் கிடக்கிறான். இருமினால் ரத்தம். அவனால் எழுதக்கூட முடியவில்லை, வேறு யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று தெரியவில்லை. நீ பக்கம் என்று சொன்னாய். போய்ப் பார். அவன் தலையில் கை வை. நம் பேச்சில் இரண்டு வார்த்தை பேசு. நான் வந்ததாக நினைத்துக்கொள்ளட்டும்.’

இந்த இடத்தில் எழுந்து ஓடினேன், பேருந்து ஏறினேன், கோம்பைக்குப் போய்க் காலில் விழுந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நான் போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்றேன். மறுநாள் பேட்டையில் பஞ்சு வந்து இறங்கியது. அதற்கடுத்த நாள், ‘விரதத்தில் இருக்கிறவரிடம் போய்ச் சொல்வது நல்லதா?’ என்று திடீரென்று பக்தி வந்தது. உண்மையில் எனக்கு அந்தக் காப்பிக் கடை பெஞ்சுதான் ஞாபகத்தில் இருந்தது. சொன்னால் அங்கே எப்படி உட்காருவது? ஒன்பது நாள் இப்படியே போயிற்று.

செவ்வாய்க்கிழமை வீரபாண்டிக்குப் போனேன். அவர் கோம்பையிலிருந்து நடந்தே வந்திருந்தார். முல்லையாற்றில் முங்கி எழுந்து, மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாக நின்றார். சொல்லிவிடலாம் என்றுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் போனேன். என்னைப் பார்த்ததும் ஒரு விறகுத் துண்டை என் கையில் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் ‘போடுங்க, போடுங்க’ என்றார்கள். போட்டேன்.

சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் நடக்க, நான் வேப்பிலையால் விசிறிக்கொண்டே பக்கத்தில் போனேன். வெயில் மேலே, தீ கீழே. அவர் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். காதைக் கொடுத்துக் கேட்டேன். தமிழ் இல்லை. அம்மனிடம் அந்தக் கிழவியின் பேச்சில் பேசிக்கொண்டு வந்தார்.

சட்டியை இறக்கிவிட்டு ஆற்றங்கரையில் கையை நனைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. கடிதத்தை எடுத்து, அவர் தாடையை வைத்துக்கொண்டு, வாசித்துக் காட்டினேன். என் வாயைப் பார்த்தபடியே கேட்டார். கடைசி வரி வரைக்கும் குறுக்கே பேசவில்லை.

“இப்பத்தான் சரியா வாசிக்கிறீக” என்றார்.

கொப்புளம் கண்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “எப்பண்ணே வெளங்குச்சு?”

“நேத்து” என்றேன்.

அங்கிருந்தே பெங்களூருக்குக் கிளம்பிப் போய்விட்டார். மஞ்சள் வேட்டியோடு. நான் கூட வருகிறேன் என்று சொன்னதாக ஞாபகம். அவர் காதில் விழும்படி சொன்னேனா என்பது ஞாபகமில்லை.

ஆறாம் நாள் பேட்டைக்கு வந்தார். பஞ்சுப் பொதிமேல் உட்கார வைத்தேன். முகாம் வாசலில் காவலுக்கு நின்றவர் சேலத்துக்காரராம். அவர் பேச்சிலேயே கேட்கவும் இரங்கி உள்ளே விசாரித்துச் சொல்லியிருக்கிறார்.

“திருவிழாவுக்கு முந்துன வெள்ளிக்கெழம போயிருச்சாம்ணே. அங்கனயே ஒரு எடத்துல பொதச்சு மரத்துல சிலுவ நட்டிருக்காக. மண்ணுமேல கைய வச்சு, ஆத்தா பேச்சுல ரெண்டு வார்த்த சொல்லிட்டு வந்தேன்.”

நான் கண்ணாடி முன்னால் வாசித்தது ஞாயிறு. திங்கள் அவரிடம் சொல்லியிருந்தால் புதன்கிழமை அவர் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ‘நேத்து’ என்றேனே, அதை அவர் நம்பினார். சாகிறவரைக்கும் நம்பினார். அந்த ஒன்பது நாளைப் பற்றி இன்றைக்குத்தான் முதல் தடவையாக வெளியே சொல்கிறேன், அதுவும் அவர் கேட்க முடியாத இடத்துக்குப் போன பிறகு.

அன்றைக்கு அவர் வேட்டியில் ஒட்டிய பஞ்சை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார். பிறகு கேட்டார்:

“நீங்க எழுதிப் போட்ட தாள் இன்னேரம் அங்கன போயிருக்குமா?”

“போயிருக்கும்.”

“ஆத்தாவுக்குத்தான் எழுத்துத் தெரியாதே. யாராச்சும் வாசிச்சுத்தானே சொல்லணும்.”

“ஆமாய்யா.”

அவர் என் வாயைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தார்.

“அந்த ஊர்லயும் ஒங்கள மாதிரி ஒரு ரைட்டர் இருக்கணும்ணே. நீங்க எழுதுனது அவனுக்கு ஒண்ணும் வெளங்காம, வெளங்கலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, வேற ஏதாச்சும் இட்டுக்கட்டிச் சொல்லியிருந்தான்னா நல்லது.”

குத்திக் காட்டுகிறாரா என்று முகத்தைத் தேடினேன். இல்லை. மனதார அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தார். கேலியாக இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். கேலிக்கு என்னிடம் எப்போதும் ஒரு பதில் உண்டு.